ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கும் அளவான சட்டமும்: ஒரு ஹைப்ரிட் சைக்கிளுடன் பதினான்கு மாதங்கள்

பதினான்கு மாதங்களில் 2,800 கிலோமீட்டர் ஓடியிருக்கும், சாலைச் சைக்கிளுக்கும் மலைச்சைக்கிளுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் வகைச் சைக்கிள் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. வேலைக்குப் போவதற்காகவோ பந்தயத்துக்காகவோ வாங்கியதல்ல. வாரத்தில் மூன்று காலைகள் மனம்போன போக்கில் ஓட்டிவிட்டு வீடு திரும்புவதற்காக வாங்கியது. அலுமினியச் சட்டம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க், நேரான ஹேண்டில்பார், 38 மி.மீ. அகல டயர், முன்னால் இரண்டும் பின்னால் எட்டுமாகப் பல்சக்கரங்கள், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், மொத்த எடை 12.1 கிலோ. நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. இந்த வகைச் சைக்கிள்களுக்குப் பெயரும் வண்ணமும் அடிக்கடி மாறுகின்றன. ஒரு நிறுவனத்தின் சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும் அதே கியரும் அதே பிரேக்கும் வேறு பெயர் எழுதிய இன்னொரு சட்டத்திலும் மாட்டப்பட்டிருக்கின்றன. எந்த உறுப்பு எப்படி உழைத்தது என்று தெரிந்தால் பெயர்ப்பலகையைத் தாண்டி வாசகர் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

இது என் இரண்டாவது சைக்கிள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுவயதில் குரங்குப் பெடல் போட்டு ஓட்டியதோடு நின்றுபோன எனக்கு, நாற்பதைத் தாண்டிய பிறகு மறுபடி ஓட்டும் ஆசை வந்தபோது, கண்ணுக்குக் கம்பீரமாகத் தெரிந்த ஒரு மலைச்சைக்கிளை வாங்கினேன். முன்னால் பருத்த ஸ்பிரிங் ஃபோர்க், முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்த அகல டயர், இருபத்தொரு கியர் என்று பார்ப்பதற்குக் குறையே இல்லை. விற்றவர் எந்த வண்ணம் வேண்டும் என்று கேட்டார். என் உயரத்தை மட்டும் கேட்கவில்லை. கடையில் இருந்தது 20 அங்குலச் சட்டம், அதையே காற்றடித்துக் கொடுத்தார். ஐந்து மாதங்களில் அதை ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். அதற்குள் கழுத்து வலியும் உள்ளங்கை மரப்பும் நிரந்தரமாகிவிட்டன. சைக்கிள் ஓட்டுவதற்கு எனக்கு வயதாகிவிட்டது என்றே நான் நம்பத் தொடங்கியிருந்தேன்.

குற்றம் வயதின்மேல் இல்லை, சட்டத்தின்மேல் இருந்தது என்பது இரண்டாவது கடையில்தான் தெரிந்தது. அங்கிருந்த மெக்கானிக் எந்தச் சைக்கிளையும் காட்டுவதற்கு முன்னால் என்னைச் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோடு முதுகு ஒட்ட நிறுத்தி, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, சைக்கிள் இருக்கையில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தமாகத் தொடையிடுக்கில் நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரைத் தொட்ட இடத்தில் பென்சிலால் கோடிட்டுத் தரையிலிருந்து அளந்தபோது 79 செ.மீ. வந்தது. என் உயரம் 171 செ.மீ. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, "சார், இனிமே எந்தக் கடைக்குப் போனாலும் இதைக் காட்டுங்க" என்றார். தம்மிடமே வாங்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தாததாலேயே அவரிடம் வாங்கினேன்.

கால் அளவு எதற்கு என்றால், முதலாவதாகச் சட்டத்தின் மேல்குழாய்க்காக. சிக்னலில் இருக்கையிலிருந்து இறங்கி இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி நிற்கும்போது மேல்குழாய்க்கும் உடலுக்கும் இடையே இரண்டு முதல் ஐந்து செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். கரடுமுரடான பாதையில் ஓட்டும் சைக்கிளுக்கு இன்னும் கூடுதலாக. என் மலைச்சைக்கிளின் மேல்குழாய் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் இருந்தது, என் காலோ 79. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சைக்கிளை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றதை நான் என் பழக்கமின்மை என்று எண்ணியிருந்தேன். இப்போதைய சைக்கிளின் மேல்குழாய் 75 செ.மீ. உயரத்தில் இருக்கிறது.

ஆனால் மேல்குழாய் இடைவெளி சரியாக இருப்பதால் மட்டும் சைக்கிள் பொருந்திவிட்டது என்று ஆகாது. உயரம் பொருந்தாவிட்டால் இருக்கைக் குழாயை ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம். நீளம் பொருந்தாவிட்டால் சமாளிக்க வழி குறைவு. இருக்கையிலிருந்து ஹேண்டில்பார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே கழுத்தையும் தோளையும் கையையும் காப்பதோ கெடுப்பதோ செய்கிறது. முழங்கை சற்று மடங்கிய நிலையில், தோள் காதுப் பக்கம் தூக்கிக்கொள்ளாமல், பிடியைப் பிடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கையை விறைப்பாக நீட்டினால்தான் எட்டுகிறது என்றால் சட்டம் பெரியது. முழங்கால் ஹேண்டில்பாரை உரசுவது போலிருந்தால் சிறியது. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை மாற்றி ஒன்றிரண்டு செ.மீ. கூட்டிக் குறைக்கலாம், அதற்கு மேல் இழுத்தால் சைக்கிள் திரும்பும் குணமே மாறிவிடும். எனக்கு நடுத்தர அளவும் பெரிய அளவும் இரண்டும் ஓரளவு பொருந்தின. இரண்டையும் மாறி மாறி இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்த பிறகு நடுத்தரத்தை எடுத்தேன். பொழுதுபோக்குக்காக ஓட்டுபவர் இரண்டு அளவுகளுக்கு நடுவே நின்றால் பெரும்பாலும் சிறியதை எடுப்பது நல்லது. சிறிய சட்டத்தை நீட்டிக்கொள்வது எளிது, பெரிய சட்டத்தைக் குறுக்க முடியாது. கடையின் வாசலில் ஒரு வட்டம் அடித்துப் பார்ப்பது போதவே போதாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கழுத்து முறையிடத் தொடங்குவதற்குக் குறைந்தது கால் மணி நேரமாவது ஆகும்.

கால் அளவின் இரண்டாவது பயன் இருக்கையின் உயரத்தைக் கணக்கிடுவது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற கிரெக் லெமாண்ட் பெயரால் அறியப்படும் ஒரு கணக்கு உண்டு: கால் அளவை 0.883ஆல் பெருக்கினால் வருவது, பெடல் கைகள் சுழலும் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம். எனக்கு அது 69.8 செ.மீ. என்று வந்தது. அதிலிருந்து அரை செ.மீ. இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். கணக்கு பிடிக்காதவர்கள் இருக்கையில் உட்கார்ந்து பெடலைக் கீழே கொண்டுபோய்க் குதிகாலை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். கால் அப்போது நேராக நீண்டிருந்தால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் வேண்டிய மடிப்பு தானாகக் கிடைத்துவிடும். புதிதாக ஓட்டுபவர்கள் அநேகமாக எல்லோரும் இருக்கையைத் தாழ்வாகவே வைக்கிறார்கள், நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் பதிய வேண்டும் என்ற பாதுகாப்புணர்வு அது. அந்த உணர்வுக்கு நாம் கொடுக்கும் விலை முழங்காலின் முன்பக்க வலி. சரியான உயரத்தில் உட்கார்ந்தபடி விரல்நுனிதான் தரையைத் தொடும். நிறுத்தும்போது இருக்கையை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொள்ள வேண்டும். எனக்கு அதற்கு ஒரு வாரம் பிடித்தது.

அடுத்து ஃபோர்க். ஸ்பிரிங் ஃபோர்க் இல்லாத சைக்கிளா என்று வீட்டில் கேட்டார்கள், எனக்கும் உள்ளூரத் தயக்கம் இருந்தது. பழைய சைக்கிளின் எடை 15.6 கிலோ. அதிலும் இதிலும் உள்ள மூன்றரைக் கிலோ வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்த ஃபோர்க்கும் டயரும்தான். எடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மலிவான ஸ்பிரிங் ஃபோர்க்கின் உண்மையான குறை, அது பள்ளத்தில் இறங்குவதைவிட நம் மிதிக்குத்தான் அதிகம் இறங்கி ஏறுகிறது என்பது. மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் நம் உழைப்பின் ஒரு பகுதி ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே கரைந்துவிடும். துள்ளலை எண்ணெயால் தணிக்கும் அமைப்பு இல்லாத சாதாரணச் சுருள் ஸ்பிரிங் அமுங்கியவுடன் அதே வேகத்தில் திருப்பி உதைக்கும். பாறையும் வேரும் உள்ள காட்டுப் பாதைக்கு நல்ல சஸ்பென்ஷன் அவசியம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நல்லதாக இருக்க வேண்டும்; ஆரம்பநிலைச் சைக்கிள்களில் வருவது பெரும்பாலும் அலங்காரம்.

தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் டயரே போதுமான சஸ்பென்ஷன் என்பதை இந்தச் சைக்கிள்தான் எனக்குப் புரியவைத்தது. யோசித்துப் பார்த்தால் இதில் புதுமை ஒன்றுமில்லை. ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக அவர் செய்து பார்த்ததுதான். பழைய ரப்பர்க் கட்டி டயரில் ஓட்டியவர்களுக்கு அதுவே சொகுசாக இருந்திருக்க வேண்டும். என் டயரின் பக்கவாட்டில் 40 முதல் 70 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை காற்றடிக்கலாம் என்று அச்சிட்டிருக்கிறது. முதல் மாதம் முழுவதும் நான் 70இலேயே ஓட்டினேன். கல்லாக இருந்தால் வேகம் போகும் என்று நினைப்பு. உடம்பு உலுக்கியதுதான் மிச்சம். இப்போது 72 கிலோ எடையுள்ள எனக்கு முன்சக்கரத்தில் 45, பின்சக்கரத்தில் 55 என்று அடிக்கிறேன். எடையின் பெரும்பகுதி பின்னால் விழுவதால் பின்சக்கரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும். சீரற்ற பரப்பில் கல்லாக அடித்த டயர் துள்ளுகிறது, துள்ளும் ஒவ்வொரு முறையும் ஆற்றல் வீணாகிறது. சற்று இளகிய டயர் மேடுபள்ளத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருண்டுபோகிறது. அளவு காட்டும் பம்ப் ஒன்றைச் சைக்கிளோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து 45ஐயும் 55ஐயும் பிரித்தறியும் விரல் எனக்கு வாய்க்கவில்லை.

டயர் அளவு பற்றி ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஹைப்ரிட் சைக்கிள்களில் 700சி என்றும், பெரிய சக்கர மலைச்சைக்கிள்களில் 29 அங்குலம் என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டுக்கும் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் ஒன்றேதான், 622 மி.மீ. பழைய 26 அங்குல மலைச்சைக்கிளுக்கு அது 559, 27.5 அங்குலத்துக்கு 584. டயரின் பக்கவாட்டில் 38-622 என்பதைப் போல எழுதியிருக்கும் இரட்டை எண்ணைப் படிக்கப் பழகிக்கொண்டால், அங்குலக் கணக்கில் ஏமாந்து தவறான ட்யூப் வாங்கி வரும் தொல்லை இல்லை. முதல் எண் அகலம், இரண்டாவது எண் விட்டம்.

கியர் விஷயத்தில்தான் புதியவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறார்கள். பழைய சைக்கிளில் இருபத்தொன்று, இதில் பதினாறு. ஆனாலும் மேடு ஏறுவதற்கு இதுவே எளிது. முன்னால் 46, 30 என்று இரண்டு பல்சக்கரங்கள். பின்னால் 11 பல்லிலிருந்து 34 பல் வரை எட்டு. மிகப் பெரிய கியரில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 9.1 மீட்டர் போகும், மிகச் சிறிய கியரில் 1.9 மீட்டர்தான் போகும். பழையதில் முன்னால் மூன்றும் பின்னால் 14 முதல் 28 வரை ஏழும் இருந்தன. 28க்கு 28 என்பதே அதன் கடைசிப் புகலிடம். அதைவிட இளகிய கியர் கேட்டுக் கால் கெஞ்சும் மேடுகள் உண்டு. தவிர, அந்த இருபத்தொன்றில் பல கியர்கள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் சமம். முன்னால் பெரியதும் பின்னால் பெரியதுமாகப் போட்டால் செயின் குறுக்காக இழுபட்டுத் தேய்வதால் சில கியர்களைப் பயன்படுத்தவே கூடாது. விளம்பரத்தில் எண்ணப்படும் எண் வேறு, கால் உணரும் எண் வேறு.

பெரும்பாலான நேரம் நான் முன்னால் 46இலும் பின்னால் 20 அல்லது 23இலும்தான் ஓட்டுகிறேன். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் முதலாவதில் மணிக்கு 24 கிலோமீட்டரும் இரண்டாவதில் 21 கிலோமீட்டரும் வருகின்றன. கனமான கியரில் மெதுவாக அமுக்கி மிதிப்பதைவிட இளகிய கியரில் வேகமாகச் சுற்றுவதே முழங்காலுக்கு நல்லது என்பதை மெக்கானிக் முதல்நாளே சொன்னார். கேட்டுக்கொண்டேன், பின்பற்ற இரண்டு மாதமாயிற்று. கனமான கியரில் மிதிப்பதே வீரம் என்ற எண்ணம் பழையது. டூர் டி பிரான்ஸ் அமைப்பாளர்களே, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டெரெய்லர் கியரை 1937இல்தான் அனுமதித்தார்கள். அதற்கு முன்பு வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக் கியர் மாற்றிக்கொண்டு போனார்கள். நமக்கு அந்தத் தண்டனை இல்லை, விரலால் ஒரு தட்டு போதும்.

இந்த இடத்தில் கடையில் எளிதில் பார்த்துவிடக்கூடிய ஒரு நுட்பம் உண்டு. பின்பல்சக்கரத் தொகுதி இரண்டு வகையில் வரும். ஃப்ரீவீல் வகையில் பல்சக்கரமும் அதைச் சுழலவிடும் பொறியும் ஒன்றாகச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின்மேல் மரையில் முறுக்கப்பட்டிருக்கும். கேசட் வகையில் அந்தப் பொறி ஹப்பின் ஓர் அங்கமாகிவிட, பல்சக்கரங்கள் மட்டும் தனியே நழுவி மாட்டிக்கொள்ளும். முதல்வகையில் வலப்பக்க பால்ரஸ் சட்டத்தின் முனையிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், தாங்கலின்றி நீண்டிருக்கும் அச்சு வளையவோ முறியவோ வாய்ப்பு கூடுதல். ஏழு கியர்த் தொகுதி பெரும்பாலும் ஃப்ரீவீலாகவும், எட்டும் அதற்கு மேலும் பெரும்பாலும் கேசட்டாகவும் இருக்கும். எட்டா, ஒன்பதா என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேசட்டா என்று மட்டும் கேளுங்கள்.

பிரேக்கைப் பற்றிப் பாராட்டும் ஒரு வெட்கமும் சொல்ல இருக்கின்றன. 160 மி.மீ. தட்டு கொண்ட இந்த ஹைட்ராலிக் பிரேக்கை ஒரே விரலால் இழுத்து நிறுத்த முடிகிறது. மழையிலும் அதே உறுதி. தட்டைக் கவ்விப் பிடிக்கும் பேடு தேயத் தேய எண்ணெய் அழுத்தமே அதை முன்னுக்குத் தள்ளிக்கொடுப்பதால் கேபிளை இறுக்கிக்கொண்டிருக்கும் வேலையும் இல்லை. ஆனால் புதிதாக வந்த நாளில் அது பெயருக்குத்தான் பிடித்தது. நடுத்தர வேகத்துக்குப் போய், முழுவதும் நிறுத்தாமல் நடக்கும் வேகம் வரை உறுதியாக இழுத்து விடுவதை ஓர் இருபது முறை செய்தால் பேடின் பொருள் தட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து பிடி வந்துவிடும். கடைக்காரர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வெட்கம் என்னவென்றால், மூன்றாவது மாதத்தில் செயினுக்குத் தெளிக்கும் எண்ணெயைக் குப்பியோடு பின்பக்கம் பீய்ச்சி அடித்தேன். தெறித்த துளிகள் தட்டில் பட்டன. மறுநாள் சைக்கிள் ஊரைக் கூட்டுவது போல அலறியது, நிறுத்தவும் மறுத்தது. தட்டை ஆல்கஹாலால் துடைக்க முடிந்தது. எண்ணெய் ஊறிய பேடுகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டியதாயிற்று. அன்று முதல் செயினின் உருளைகளுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் எண்ணெய் விடுகிறேன், ஐந்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் துடைத்தும் விடுகிறேன். சமதளத்தில், மழையில்லாத நேரத்தில் மட்டும் ஓட்டுகிறவருக்கு ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்கே தாராளம். அதை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம், எண்ணெய்க்குழாயில் காற்றேறிவிட்டது என்ற கவலையும் கிடையாது.

இனிக் குறைகள். முதல் குறை இருக்கை. சைக்கிளோடு வந்தது அகலமாக, மெத்தென்று, விரலால் அமுக்கினால் குழிவிழும் ஜெல் இருக்கை. ஐந்து கிலோமீட்டர் வரை சுகம், பதினைந்தைத் தாண்டினால் வேதனை. நாம் உட்காருவது சதையின்மேல் அல்ல, இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகளின்மேல். மெத்தை மிகவும் இளகியிருந்தால் அந்த முனைகள் அமிழ்ந்துபோய், அவற்றுக்கு நடுவிலுள்ள மென்பகுதியின்மேல் அழுத்தம் ஏறிவிடும். அகலமும் கூடுதலாக இருந்தால் தொடை உரசும். பாதத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு ஒரு நெளி அட்டையின்மேல் உட்கார்ந்து எழுந்தால் பதியும் இரண்டு பள்ளங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து, அதைவிட இரண்டு மூன்று செ.மீ. அகலமுள்ள கெட்டியான இருக்கை ஒன்றை வாங்கி மாற்றினேன். முதல் இரண்டு வாரம் வலித்தது, பிறகு இருக்கை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. கூடவே பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் அரைக்கால்சட்டையும் உதவியது. அதை உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தையல் உரசிப் புண்ணான பிறகு நானே தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது குறை நேர் ஹேண்டில்பாருக்கே உரியது. கை வைப்பதற்கு ஒரே இடம்தான் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் வெளியோரத்தில் ஓடும் அல்நார் நரம்பு அழுத்தப்படுவதன் விளைவு அது. உருளைப் பிடிகளை எடுத்துவிட்டு, உள்ளங்கையைத் தாங்கும் தட்டையான இறக்கை உள்ள பிடிகளைப் போட்டதும் முக்கால் பங்கு குறைந்தது. மீதி, இருக்கையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்ததால் என் எடை முன்னால் வழுக்கிக் கையில் விழுந்துகொண்டிருந்ததன் பலன். மட்டப்பலகை வைத்துச் சமன்செய்ததும் தீர்ந்தது. இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும் ஆர்வமுள்ளவர்கள், கையை மூன்று நான்கு இடங்களில் மாற்றி வைக்க வழிதரும் வளைந்த ஹேண்டில்பார் கொண்ட, மண்சாலையிலும் ஓடும் கிராவல் வகைச் சைக்கிளைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது குறை பின்சக்கரம். 1,900 கிலோமீட்டரில் ஓர் ஸ்போக்ஸ் கம்பி முறிந்தது, அடுத்த இரண்டு வாரத்தில் இன்னொன்று. இயந்திரத்தில் கட்டப்பட்ட சக்கரங்களில் கம்பிகளின் இறுக்கம் ஒரே சீராக இருப்பதில்லை. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் எடை ஏறும்போதும் இறங்கும்போதும் வளைந்து நிமிர்ந்து, அதன் கழுத்தில் களைத்து முறிகிறது. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பெண்ட் எடுத்து எல்லாக் கம்பிகளையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதன்பிறகு தொந்தரவு இல்லை. புதுச் சைக்கிளை முதல் 150 கிலோமீட்டருக்குள் ஒருமுறை சர்வீசுக்குக் கொண்டுபோகும்போது, கியர் கேபிளின் உறை உட்கார்ந்து தளர்ந்திருப்பதைச் சரிசெய்வதோடு கம்பிகளையும் தட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தால் இந்த இரண்டு முறிவும் நேர்ந்திருக்காது. அந்த முதல் சர்வீசை நான் சோம்பலால் தள்ளிப்போட்டேன். ஆகவே இந்தக் குறையில் பாதிப் பங்கு என்னுடையது.

சைக்கிளோடு வந்த பிளாஸ்டிக் பெடல்கள் மழையில் வழுக்கின, மாற்றிவிட்டேன். மாற்றும்போது இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ், வலப்புறமாகச் சுற்றினால்தான் கழலும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மட்கார்டும் கேரியரும் மாட்டுவதற்கு வேண்டிய துளைகள் சட்டத்திலேயே இருப்பது இந்தச் சைக்கிளின் சத்தமில்லாத நற்குணம்.

செயினைப் பற்றி ஒரு வார்த்தை. தேய்ந்த செயின் நீளும். நீண்ட செயின் பல்சக்கரத்தைத் தின்னும். ஒரு கண்ணியின் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு அரை அங்குலம் என்பது உலகெங்கும் ஒன்றே என்பதால், வீட்டிலுள்ள எஃகு அளவுகோலே போதும். இருபத்துநான்கு கண்ணிகள் புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். அது 306.3ஐத் தொட்டால் அரை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று பொருள், மாற்றிவிடலாம். எனக்கு அது 2,400 கிலோமீட்டரில் வந்தது. அப்போதே மாற்றியதால் கேசட் தப்பித்தது.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்வதானால், முதல் வாரம் ஆறு கிலோமீட்டரில் மூச்சு வாங்கியது. வாரத்துக்கு ஓரிரண்டு கிலோமீட்டராகக் கூட்டிக்கொண்டு போனதில் மூன்றாவது மாதம் இருபதும் எட்டாவது மாதம் நாற்பதும் எட்டின. தூரம் கூடியதே தவிர வேகம் அவ்வளவாகக் கூடவில்லை, இதில் சைக்கிளைக் குறை சொல்வதற்கில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் உடல் காற்றுக்கு விரித்த பாய் போன்றது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது, அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனமாக (மூன்றாம் அடுக்காக) ஏறுகிறது. மணிக்கு 20இலிருந்து 25க்குப் போவதற்குக் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். வேகம்தான் குறிக்கோள் என்றால் இது உங்கள் சைக்கிள் அல்ல, குனிந்து ஓட்டும் சாலைச் சைக்கிளைப் பாருங்கள். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, கூட வருபவரோடு பேசிக்கொண்டு, இடையில் மண்பாதை வந்தாலும் இறங்காமல் போக விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வகையை நான் இன்னும் பார்க்கவில்லை. மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்கள், ரயிலில் ஏற்ற வேண்டியவர்கள் மடக்குச் சைக்கிளையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். சிறிய சக்கரம் பள்ளத்தில் கடுமையாக இறங்கும், ஆனால் கட்டிலுக்கடியில் அடங்கும்.

பழைய சைக்கிளாக வாங்குவதும் நல்ல வழிதான். அளவு சரியாக இருந்து, சட்டத்தின் வெல்டிங் இணைப்புகளில் மயிரிழை விரிசல்கூட இல்லாமல், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றும்போது கோணாமல் ஓடினால், செயினையும் டயரையும் கேபிளையும் மாற்றிக்கொண்டு புதிதுபோல் ஓட்டலாம். அளவு சரியில்லாத புத்தம்புதியதைவிட அது எவ்வளவோ மேல். என் மலைச்சைக்கிளை வாங்கிக்கொண்டு போனவர் என்னைவிட ஒரு சாண் உயரமானவர். அவர் ஏறி உட்கார்ந்தபோது அதே சைக்கிள் அவருக்கென்றே செய்தது போலிருந்தது.

போன மாதம் என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி, இதே வண்ணத்தில், இதே அளவில் தமக்கும் ஒன்று வாங்கித் தரச் சொன்னார். நல்ல சைக்கிள்தானே, உங்களுக்கு ஒத்துப்போனது எனக்கு ஒத்துப்போகாதா என்றார். செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோடு நிற்கவைத்து, கையில் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். பென்சில் கோடு 72 செ.மீ. காட்டியது, என் சைக்கிளின் மேல்குழாய் 75.